நாற்பத்தொரு தாள்கள்

உங்கள் வயது ஆட்கள்
என்ன பாட்டு கேட்கிறார்கள், ஏன்?
இரண்டு வாரத்தில் ஃபோலியோ, என்றார் சிக்கு நோர்ஹயாத்தி.
நான் படிவம் நான்கு. சொன்னால் செய்கிறவள்.

பீடோர் டவுனில் கொய்யாக் கடைக்குப் பக்கத்தில்
நகல் எடுத்தேன். தாளுக்குப் பத்துக் காசு.
வயது.
ஆண், பெண், ஏதாவது ஒரு கட்டத்தில் டிக்.
பிடித்த இசை: உருமி, ராப், மெலடி, கொரியா, மற்றவை.
ஏன் என்பதற்கு இரண்டு கோடு.
இரண்டு கோடு போதும் என்றுதான் நினைத்தேன்.

பஸ்ஸிலேயே தொடங்கினேன்.
எங்கள் தோட்டத்துப் பஸ் இருட்டில் வரும்,
செம்பனை லாரிக்குப் பின்னால் ஊர்ந்தபடி போகும்.
எழுத நேரம் இருக்கும்.

பதின்மூன்று வயதுப் பசங்கள்
எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டார்கள்.
என் தம்பி கிஷோலன் மற்றவையில்
பற்பசை விளம்பரப் பாட்டு என்று எழுதினான்.
ஏன்? நல்லா இருக்கு.
கோட்டுக்கு வெளியே ஒரு யானை.

பதினாலில் பேனா நின்றுவிடுகிறது.
முதலில் பக்கத்துத் தாளைப் பார்க்கிறார்கள்,
அப்புறம் பின்சீட்டை.
பின்சீட்டில் ஸ்பீக்கர். ஸ்பீக்கர் தர்வினுடையது.
தர்வின் உருமிக் குழு,
பங்குனி உத்திரத்துக்கு விரல் வீங்கி வருகிறவன்.
அவன் உருமியில் டிக் போட்ட பிறகு
பதினோரு பேனா அதே கட்டத்தில் இறங்கியது.

பெண்கள் முன்பக்கம், இரண்டு பேருக்கு ஒரு இயர்ஃபோன்.
மெலடின்னு போடு, என்றாள் லோஷினி,
உருமின்னு போட்டா யார் வீட்டுப் பொண்ணுன்னு கேப்பாங்க.
யார் கேட்பார்கள்?
தெரியல. கேப்பாங்க.
ஊர்வலத்தில் உருமி முழங்கும்போது
செருப்புக்குள் கட்டைவிரலை
மடக்கி மடக்கி நிற்கிற ஹேமவர்ஷினி
மெலடியில் டிக் போட்டாள்,
அடிமட்டம் வைத்துக் கோடு போடுகிற மாதிரி.

வியாழக்கிழமை, நாலாம் கட்டை தாண்டி,
ராப் திடீரென்று நின்றது.
ஸ்பீக்கர் வேறு யாருடைய போனையோ பிடித்துக்கொண்டது.
கொரியப் பெண்கள் ஏழெட்டுப் பேர்
குதித்துக்கொண்டு பாடினார்கள்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
முப்பது பேரும் சன்னலுக்கு வெளியே,
இருட்டில் தெரியாத செம்பனையைப் பார்த்தோம்.
டேய், யார்டா இது? என்று கத்தினான் தர்வின்.
கத்தினான்தான்,
ஆனால் பல்லவி இரண்டாம் தடவை முடிந்த பிறகு.
அந்தத் தாமதத்தை எழுத
என் தாளில் இடம் விடவில்லை.

ஞாயிறு இரவு எண்ணினேன்.
நாற்பதுதான் இருந்தது. ஒன்று குறைந்தது.
கையுறைத் தொழிற்சாலைக்குக் கிளம்பிய அம்மா
நீ போட்டியா? என்று கேட்டுவிட்டு
வேன் ஹாரனுக்கு ஓடினார்.

எனக்குப் பிடித்தது
அப்பா வாங்கிய பழைய லாரியோடு
சேர்ந்தே வந்த ஒரு கேசட்.
நீளமுடிக்காரர்கள் மலாயில்
கிட்டாரை உடைத்துவிடுவதுபோல் அடித்து
காதல் போச்சே என்று அழுவார்கள்.
அவர்களுக்கு இப்போது பேரன் இருக்கலாம்.
அந்த அழுகை உச்சிக்கு ஏறும் இடத்தில்
எனக்கு யாரையாவது அறைய வேண்டும்போல இருக்கும்,
உடனே சாப்பிட வேண்டும்போலவும் இருக்கும்.
ஏன்? இரண்டு கோடு போதாது.

வயது பதினாறு என்று எழுதினேன்.
பெண், டிக்.
மெலடி, டிக்.
ஏன்: மனதுக்கு அமைதி தருகிறது.

பட்டைக்குறிவரைவு மிக அழகாக வந்தது.
ஆண்களுக்கு நீலம், பெண்களுக்கு ரோஸ்,
வயது ஏற ஏற
இரண்டும் விலகி விலகி உயர்ந்தன.
முடிவு தெளிவாக உள்ளது, பாகுஸ்,
என்று பச்சை மையில் எழுதியிருந்தார் சிக்கு.
இருபதுக்குப் பதினெட்டு.

யானையை எந்தப் பட்டையிலும் சேர்க்க முடியவில்லை.
ஏன்டா வரைந்தாய் என்று கிஷோலனிடம் கேட்டேன்.
குளியலறைக்குள் இருந்தான்,
வாய் நிறைய நுரையோடு
அந்த விளம்பரத்தை முழுசாகப் பாடிக்கொண்டு.

ஆகஸ்டில் அவனுக்குப் பதினாலு.